‘எங்க காலத்துல இவ்வளவு விபத்து இல்லையே!’ - பைக் விபத்து விகிதம் பத்தாண்டுக்குப் பத்தாண்டு ஏன் மாறுகிறது?

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே இருக்கும் ஐயங்கார்குளம், வெளியூர்க்காரர்களுக்கு நடவாவிக் கிணற்றால்தான் தெரியும். சித்ரா பௌர்ணமிக்கு காஞ்சி வரதராஜப் பெருமாள் அங்கே எழுந்தருள்வார். ஒரு தலைமுறைக்கு முன்பு அந்தத் திருவிழாவுக்கு நடந்தும், சைக்கிளிலும், மாட்டுவண்டியிலும் வந்தார்கள். இன்று வண்டி நிறுத்த இடம் தேடுவதுதான் பெரிய வேலை. அதிலும் பெரும்பாலானவை டூவீலர்கள்.

சாதாரண நாளில் காலை 6 மணிக்கு இந்தப் பக்கத்துச் சாலையில் நின்று பாருங்கள். கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடும் பைக், பால் கேனும் புல்லுக்கட்டும் ஏற்றிய எக்ஸ்.எல், மூன்று பேர் உட்கார்ந்த ஸ்கூட்டி என்று வரிசையாகப் போகும். டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: “எங்க காலத்துல தெருவுக்கு ஒரு வண்டிதான். விபத்துன்னா ஊரே பத்து நாள் பேசும். இப்போ வாரத்துக்கு ஒண்ணு நடக்குது. இந்தக் காலத்துப் பசங்க ஓட்டுற ஓட்டு அப்படி!”

இதில் முதல் பாதி சரி. இரண்டாவது பாதிதான் கொஞ்சம் இடிக்கிறது. ஏன் என்று பார்ப்போம்.

எதால் வகுக்கிறோம்?

‘விபத்து விகிதம்’ என்று செய்தியில் வரும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எதற்கு எவ்வளவு என்பதுதான். வண்டிகளின் எண்ணிக்கைக்கா, மக்கள்தொகைக்கா?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் பழைய கணக்கை எடுத்துக்கொள்வோம். 1970-ல் இந்தியா முழுவதும் சாலை விபத்துகளில் சுமார் 14,500 பேர் இறந்தார்கள். அப்போது நாட்டில் பதிவான மொத்த வாகனங்களே சுமார் 14 லட்சம்தான். 2010-ல் இறந்தவர்கள் 1,34,513 பேர். பதிவான வாகனங்கள் சுமார் 12 கோடியே 77 லட்சம்.

இப்போது வகுத்துப் பாருங்கள். 1970-ல் ஒவ்வொரு 10,000 வாகனத்துக்கும் ஆண்டுக்கு 100 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். 2010-ல் அது 10 அல்லது 11 பேர். அதாவது பத்தில் ஒரு பங்கு! அப்போ சாலை பத்து மடங்கு பாதுகாப்பாயிடுச்சா?

அவசரப்பட வேண்டாம். அதே எண்களை மக்கள்தொகையால் வகுத்தால் கதை தலைகீழாகிறது. 1970-ல் ஒரு லட்சம் பேரில் மூன்று பேர்கூட சாலையில் சாகவில்லை. 2010-ல் 11 பேர். நான்கு மடங்கு அதிகம்.

இரண்டு கணக்கும் உண்மைதான். ஒரு வண்டி ஓராண்டில் ஒருவரைக் கொல்லும் வாய்ப்பு குறைந்திருக்கிறது. ஆனால் வண்டிகளே பல மடங்கு பெருகியதால், ஓர் ஊரில் ஒருவர் விபத்தில் சாகும் வாய்ப்பு கூடியிருக்கிறது. டீக்கடைப் பெரியவர் பார்ப்பது இந்த இரண்டாவது கணக்கை. ஊரில் இழவு விழுந்த வீடுகளை எண்ணுபவருக்கு அதுதானே தெரியும்.

இதை முதலில் கவனித்தவர் ஸ்மீட் என்ற பிரிட்டன் புள்ளியியலாளர். 1938-ம் ஆண்டில் 20 நாடுகளில் இருந்த நிலவரத்தை எடுத்துக்கொண்டு 1949-ல் ஒரு கட்டுரை எழுதினார். மக்களுக்கு எத்தனை வண்டி என்ற விகிதம் ஏற ஏற, ஒரு வண்டிக்கு எத்தனை சாவு என்ற விகிதம் இறங்குகிறது என்றார். வண்டி புதிதாக வந்த ஊரில் யாருக்கும் அதன் வேகம் பழக்கமில்லை. நடப்பவர், ஆடு மாடு, சைக்கிள்காரர் யாரும் ஒதுங்கத் தெரியாமல் நிற்பார்கள். சாலையும் அதற்காகப் போட்டதல்ல. போகப் போக எல்லாமே கொஞ்சம் பழகும், சாலையும் விரியும். ஆனால் ஸ்மீட் சொன்னது இயற்கை விதி அல்ல. அது தானாக நடக்கும் என்று கையைக் கட்டிக்கொண்டு இருந்த நாடுகளில் மொத்தச் சாவு ஏறிக்கொண்டேதான் போனது.

இவ்வளவு வண்டி எப்போது வந்தது?

1971-ல் இந்தியாவில் பதிவான டூவீலர்கள் 5 லட்சத்து 76 ஆயிரம். 1981-ல் 26 லட்சம், 1991-ல் 1 கோடியே 42 லட்சம், 2001-ல் 3 கோடியே 85 லட்சம், 2011-ல் 10 கோடியே 18 லட்சம். 1971-ல் மொத்த வாகனங்களில் மூன்றில் ஒரு பங்குகூட டூவீலர் இல்லை. 2011-ல் நான்கில் மூன்று பங்கை நெருங்கிவிட்டது.

இந்த எண்களுக்குப் பின்னால் இருப்பது நம் வீட்டுக் கதைதான். எழுபதுகளில் பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். வசதியானவர்களிடம் மெட்ராஸ் திருவொற்றியூரில் தயாரான புல்லட் இருந்தது. 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. சைக்கிள் மிதித்த கை அப்படியே மொபெட்டுக்கு மாறியது. 1984-ல் இந்த்-சுஸுகி, 1985-ல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100. பெட்ரோல் குடிக்காத 100 சிசி ஜப்பான் எஞ்சின் கிராமத்து வருமானத்துக்கும் எட்டியது. 2001 வாக்கில் ஒரு பக்கம் ஆக்டிவா, இன்னொரு பக்கம் பல்சர். முன்னது பெண்களைப் பெருமளவில் சாலைக்குக் கொண்டுவந்தது. பின்னது ‘பவர்’ என்ற சொல்லை விளம்பரத்தின் நடுவில் வைத்தது.

அதன் பிறகு கடனும் எளிதானது. கொஞ்சம் முன்பணம், மீதி தவணை. காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ராயல் என்ஃபீல்டு ஆலைகள் வந்தன. வல்லம் வடகாலில் யமஹாவும் தொழிற்சாலை திறந்தது. வண்டி ஓட்டுகிற ஊர் மட்டுமல்ல, வண்டி செய்கிற மாவட்டமாகவும் ஆகிவிட்டது இது. சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகள் ஷிப்டு வேலைக்குப் போக பைக் வாங்குகிறார்கள். ஷிப்டு முடிந்து இருட்டில், தூக்கக் கலக்கத்தில் திரும்புகிறார்கள்.

‘பசங்க ஓட்டுற ஓட்டு’ என்ற விளக்கம் இங்கேதான் பலவீனமாகிறது. நாற்பது ஆண்டுகளில் டூவீலர்கள் 170 மடங்குக்கு மேல் பெருகின. மனிதனின் அவசரபுத்தி அத்தனை மடங்கு பெருகவில்லை. அன்றைய இளைஞன் கையில் 350 சிசி வண்டி இருந்திருந்தால் அவனும் முறுக்கித்தான் இருப்பான். அவனிடம் சைக்கிள்தான் இருந்தது.

சாலை நல்லா இருந்தா விபத்து குறையுமா?

பொதுவாக எல்லோரும் ‘ரோடு சரியில்லை, அதான் விபத்து’ என்போம். குண்டும் குழியும் ஆளைக் கவிழ்க்கும், சந்தேகமில்லை. ஆனால் மண் ரோட்டில் 25 கிலோமீட்டர் வேகத்தில் விழுபவர் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு எழுந்துவிடுவார். அதே ரோடு தார் போட்டு வழுவழுவென்று ஆனதும் வேகம் 60 ஆகிறது. இப்போது விழுந்தால் அப்படி எழ முடியாது.

பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் 2000 டிசம்பரில் தொடங்கியது. அதே காலகட்டத்தில்தான் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை தங்க நாற்கரச் சாலையின் பகுதியாக நான்கு வழிச் சாலையானது. கிராமச் சாலை, மாவட்டச் சாலை, நெடுஞ்சாலை மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக வேகமெடுத்தன. ஆனால் அந்தச் சாலையில் பயணிப்பவை மாறவில்லை. நெல் காயப்போடுவது, மாடு குறுக்கே வருவது, ஏர் உழுத டிராக்டர் பின்விளக்கு இல்லாமல் போவது, ஓரத்தில் விளக்கில்லாமல் நிற்கும் லாரி எல்லாம் அப்படியே இருந்தன. உத்திரமேரூர் பக்கம் கல்குவாரி லாரிகளுக்குப் பின்னால் பைக்கில் போனவர்களுக்கு, ஜல்லி சிதறிய வளைவில் பிரேக் பிடித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு சுமார் 4 சதவீதம் கூடுகிறது என்கிறது உலக சுகாதார அமைப்பு. அதனால் சாலையை அகலப்படுத்துவது மட்டும் பாதுகாப்பு ஆகாது. பைக்கை லாரியிடமிருந்து பிரித்தால்தான் பலன். மலேசியா இதைச் செய்து பார்த்தது. ஃபெடரல் நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கென்றே தனிப்பாதை எழுபதுகளிலேயே வந்தது. அங்கே இருக்கும் நம் ஆட்களைக் கேட்டால் அந்தப் பாதையைப் பற்றிச் சொல்வார்கள். பகலிலும் பைக்கின் முன்விளக்கு எரிய வேண்டும் என்று 1992-ல் சட்டம் போட்டதும் அவர்கள்தான். இந்தியாவில் புதிய வண்டிகளில் அணைக்க முடியாத முன்விளக்கு கட்டாயமானது 2017 ஏப்ரலில். “லைட் எரியுதுப்பா, ஆஃப் பண்ணு” என்று எதிரே வருபவர்கள் கை காட்டிய அந்த ஆண்டு நினைவிருக்கிறதா?

ஹெல்மெட்: ஒரே ஆண்டு, இரண்டு ஊர்கள்

2007-ஐ எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு ஜூன் 1 முதல் தமிழ்நாட்டில் ஹெல்மெட் கட்டாயம் என்று அரசு அறிவித்தது. கடைகளில் ஹெல்மெட் தட்டுப்பாடு, விலை ஏற்றம், எதிர்ப்பு எல்லாம் வந்தன. சில நாட்களிலேயே கெடுபிடி தளர்ந்தது. வாங்கிய ஹெல்மெட் பரணுக்குப் போனது.

அதே ஆண்டு டிசம்பர் 15-ல் வியட்நாமும் அதே விதியைக் கொண்டுவந்தது. நம்மைப்போலவே அதுவும் டூவீலர் நாடுதான், அதே வெயில்தான். ஆனால் அங்கே தளர்த்தவில்லை. சில வாரங்களில் ஹெல்மெட் போடுபவர்கள் 90 சதவீதத்தைத் தாண்டினார்கள். முதல் மூன்று மாதங்களில் மருத்துவமனைக்கு வந்த விபத்து நோயாளிகளிடம் தலைக்காயமும் சாவும் குறைந்தது பதிவாகியிருக்கிறது. வியட்நாம்காரர்கள் நம்மைவிடப் பொறுப்பானவர்கள் என்பதல்ல விஷயம். டிசம்பர் 14 அன்று அவர்களிலும் பெரும்பாலானவர்கள் ஹெல்மெட் போடாமல்தான் ஓட்டினார்கள்.

தமிழ்நாட்டில் மீண்டும் 2015 ஜூலை 1 முதல் ஹெல்மெட் கட்டாயமானது. இந்த முறை சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு. மறுபடியும் சில மாதப் பரபரப்பு. பிறகு 2019-ல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டு அபராதம் 100 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயானது. தமிழ்நாட்டில் அது நடைமுறைக்கு வந்தது 2022 அக்டோபரில்.

ஹெல்மெட் உயிரிழப்பு அபாயத்தை சுமார் 42 சதவீதமும், தலைக்காய அபாயத்தை சுமார் 69 சதவீதமும் குறைக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த ஒரு புகழ்பெற்ற ஆய்வு சொல்கிறது. அதை இந்த எண்ணோடு சேர்த்துப் படியுங்கள்: 2022-ல் இந்தியாவில் டூவீலர் விபத்தில் இறந்தவர்கள் 74,897 பேர். அதே ஆண்டு ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள்.

கிராமத்தில் எல்லோரும் சொல்லும் பதில் ஒன்று உண்டு. “தோ, பக்கத்துல கடைக்குத்தானே...” போலீஸ் நிற்பது காஞ்சிபுரம் டவுனில். அதனால் டவுன் எல்லை வரை ஹெல்மெட் டேங்கின் மேலும், எல்லை வந்ததும் தலையிலும் ஏறுகிறது. ஆனால் இருட்டு, மாடு, விளக்கில்லாத லாரி எல்லாம் இருப்பது டவுனுக்கு வெளியே உள்ள தூரத்தில்.

விதியைத் தளர்த்தினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காதான் பாடம். அங்கே 1980-ல் மோட்டார் சைக்கிள் விபத்தில் 5,144 பேர் இறந்தார்கள். 1997-ல் அது 2,116 ஆகக் குறைந்தது. 2008-ல் மறுபடியும் 5,312! இளைஞர்கள் பைக்கை விட்டது இறங்கியதற்கு ஒரு காரணம். நடுவயதுக்காரர்கள் பெரிய எஞ்சின் வண்டிகளோடு திரும்பி வந்தது ஏறியதற்கு ஒரு காரணம். கூடவே, டெக்சாஸ் 1997-லும் ஃப்ளோரிடா 2000-லும் எல்லோருக்கும் ஹெல்மெட் என்ற விதியைத் தளர்த்தின. ‘இந்தக் காலத்துப் பசங்க’ என்ற விளக்கம் அங்கேயும் எடுபடவில்லை. ஏற்றத்தில் பெரும்பங்கு அப்பாக்களுடையது.

தமிழ்நாட்டில் விபத்துச் சாவு பாதியாகக் குறைந்ததா?

இனி கொஞ்சம் சங்கடமான இடம். பின்வருபவை எல்லா வாகனங்களும் சேர்ந்த எண்கள். ஆனால் தமிழ்நாட்டுச் சாலைச் சாவுகளில் பெரும்பங்கு டூவீலர்களுடையது என்பதால் நம் கேள்விக்கு இவை முக்கியம்.

மத்திய அமைச்சக அறிக்கைகளின்படி 2016-ல் தமிழ்நாட்டில் 71,431 விபத்துகள், 17,218 சாவுகள். 2019-ல் 57,228 விபத்துகள், 10,525 சாவுகள். 2020-ல் சாவு 8,059 என்று வந்தது. நான்கே ஆண்டுகளில் பாதிக்கும் கீழே! தமிழ்நாட்டைப் பார்த்து மற்ற மாநிலங்கள் கற்க வேண்டும் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரியே பாராட்டினார்.

காரணமும் சொல்ல முடிந்தது. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் உத்தரவிட, 2017 ஏப்ரலில் தமிழ்நாட்டில் 3,000-க்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டன. ஹெல்மெட் சோதனை கூடியது. 2020-ல் ஊரடங்கு வேறு.

ஆனால் அடுத்த ஆண்டு, 2021-ல், விபத்துகள் 55,682. சாவு 15,384. 2022-ல் விபத்துகள் 64,105. சாவு 17,884.

2019-ஐயும் 2021-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விபத்துகள் கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கை, சொல்லப்போனால் 2021-ல் கொஞ்சம் குறைவு. ஆனால் சாவு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. 100 விபத்துக்கு 18 சாவு என்று இருந்தது 28 ஆகிவிட்டது. இரண்டே ஆண்டில் நம் சாலையோ, வண்டியோ, ஓட்டுபவரோ அப்படி மாறியிருக்க முடியாது. 2016-ல் அதே விகிதம் 24. நடுவில் உள்ள ஆண்டுகள்தான் வித்தியாசமாக நிற்கின்றன. நம் பார்வையில், அந்த இறக்கத்தின் ஒரு பகுதி சாலையில் நடந்ததல்ல, பேப்பரில் நடந்தது.

அது எப்படி? விபத்து நடந்து 30 நாட்களுக்குள் இறந்தால் அது விபத்துச் சாவு என்பதே கணக்கு. விபத்தன்று எஃப்.ஐ.ஆர். போடும்போது ஆள் உயிரோடு இருப்பார், ‘காயம்’ என்று பதிவாகும். எட்டாவது நாள் பெரிய ஆஸ்பத்திரியில் இறந்துபோவார். வழக்கின் பிரிவை மாற்றுவார்கள். அந்த மாற்றம் புள்ளிவிவரப் பட்டியலுக்குப் போய்ச் சேரவில்லை என்றால், ஆவணத்தில் அவர் காயமடைந்தவராகவே இருந்துவிடுவார். ஐ.ஐ.டி. மெட்ராஸ் வடிவமைத்த ‘ஐராட்’ என்ற மின்னணு விபத்துத் தரவுத் தளம் தமிழ்நாட்டில் 2021-ல்தான் நடைமுறைக்கு வரத் தொடங்கியது. விபத்து நடந்த இடத்திலேயே போலீஸ் விவரம் பதிகிறார்கள், பிறகு ஆஸ்பத்திரி, ஆர்.டி.ஓ., நெடுஞ்சாலைத் துறை விவரங்களும் அதே பதிவில் சேர்கின்றன.

இது வெறும் கணக்கு வழக்கு இல்லை. சாவு குறைந்துவிட்டது என்று நம்பினால் அந்த வளைவில் விளக்குக் கம்பம் போடும் கோப்பு கீழே போகும். காயம் என்று பதிவானால் அந்தக் குடும்பத்தின் இழப்பீட்டு வழக்கும் இழுபடும்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கின்படி, 2021-ல் டூவீலர் விபத்தில் அதிகம் பேர் இறந்த மாநிலம் தமிழ்நாடு: 8,259 பேர். உத்தரப் பிரதேசத்தைவிட அதிகம். வண்டிகள் இங்கே அதிகம் என்பது ஒரு காரணம். சாவை ஓரளவு சரியாக எழுதுவது இன்னொரு காரணமாக இருக்கலாம். அதனால் ‘நம்பர் ஒன்’ என்ற தலைப்பைப் பார்த்ததும் பதற வேண்டியதில்லை, சும்மா இருந்துவிடவும் கூடாது.

விபத்து குறையாமலே சாவு குறையுமா?

குறையும். அது ஆஸ்பத்திரி தூரத்தைப் பொறுத்தது. 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பு, கிராமத்தில் அடிபட்டவரை ஆட்டோவிலோ மினி லாரியிலோ தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயந்து தொடாமல் நின்றவர்களும் உண்டு.

2021 டிசம்பர் 18-ல், இங்கிருந்து அதிக தூரமில்லாத மேல்மருவத்தூரில், ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தை முதல்வர் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார். விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் காசு கேட்கக் கூடாது. முதலில் ஒரு லட்சம் ரூபாய் வரை இருந்த வரம்பு பிறகு 2 லட்சமாக உயர்த்தப்பட்டது. காப்பீட்டு அட்டை இருக்கிறதா, எந்த மாநிலத்துக்காரர் என்று பார்ப்பதில்லை. ஒரகடத்தில் வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளிக்கும் இது உண்டு. ஊரில் பலருக்கு இன்னும் இது தெரியாது, அதனால்தான் இங்கே விரிவாகச் சொல்கிறோம். பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி இந்தப் பட்டியலில் இருக்கிறது என்று ஒருமுறை விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் 108-ஐ அழைத்தால் போதும்.

இப்படிக் காப்பாற்றப்பட்டவர் அடுத்த அறிக்கையில் ‘சாவு’ என்ற பத்தியிலிருந்து ‘பலத்த காயம்’ என்ற பத்திக்கு மாறுவார். விகிதம் ஒரு புள்ளி இறங்கும். தலையில் அடிபட்டுப் பேச்சு திரும்பாமல் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் இருபத்தைந்து வயதுக்காரருக்கும், விரல் உடைந்து மாவுக்கட்டுப் போட்டவருக்கும் அந்தப் பத்தியில் ஒரே இடம்தான்.